சின்னப்புள்ளைக கணக்கு

நரிக்குடி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் அக்காவிடம் பொரிந்துகொண்டிருந்தாள்.

"என்னையச் சின்னப்புள்ளைக கணக்குல போட்டு வச்சிருக்காகக்கா!"

"யாருடி?"

"சவுதியில இருக்க எம் புருசன்தான். படம் பாக்குற ஆப்புல மாமியாருக்கு, நாத்தனாருக்கெல்லாம் தனித்தனிக் கணக்கு. எனக்கும் எம் மகளுக்கும் சேத்து ஒண்ணு. அதுல பொம்மைப் படந்தான் வருது. கேட்டா, கண்டதையும் பாத்துக் கெட்டுப்போவேனாம். முப்பத்திரண்டு வயசுக்கா எனக்கு!"

"நீ சும்மாவா இருந்த?"

"அவுக இந்தியா சிம்மு எம் போன்லதான கெடக்கு. ஓடிபி அதுக்குத்தான் வரும். காலையில அந்த ஆப்பு மொத்தத்துக்கும் பாஸ்வேர்ட மாத்திட்டேன்."

அவள் கையிலிருந்த போன் அடித்தது. பெயரைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"பத்து நாளா எங்கூடப் பேசாதவுக, இன்னைக்கு நாலாவது தடவையாக் கூப்பிடுறாக" என்றாள்.