சிரிப்புக்கு விட்ட இடம்

"டூபாவை எடுத்துடு, செல்லோ போதும். மனுஷன் தனியா தரையில உக்காந்திருக்—"

"செல்லோவா? மாமனார் வழுக்கித்தானேக்கா விழுறாரு, செத்தா போறாரு? டூபா இல்லாம—"

"விழுந்த பிறகுன்னு சொல்றேன்டா. நான் பேசி முடிக்—"

"விழுந்த பிறகு ஜனங்க வயித்தப் பிடிச்சிட்டு இருப்பாங்க. உன் செல்லோ யாரு காதுல விழும்?"

எங்கள் வீட்டில் காலைக் காபி இப்படித்தான் ஆறிப்போகும். இதைப் பெரிய சண்டை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அக்காவும் தம்பியும் ஒரே தொழிலில் இருந்தால் ஒருவர் பேச்சை மற்றவர் முடிக்கவிடுவதில்லை, அவ்வளவுதான். இந்தச் சண்டையின் கடைசி வரி மட்டும் கொஞ்சம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொழில் என்னவென்றால், குடும்பச் சிரிப்புப் படங்களுக்குப் பின்னணி இசை. தம்பி மெட்டை முணுமுணுப்பான். அதை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை வாத்தியங்களுக்கும் பிரித்து எழுதுவது நான். மேடையேறிக் குச்சி பிடித்து நடத்துவது அவன். திரையில் அவன் பெயர் வரும். அதில் எனக்கு வருத்தமில்லை. இதை நான் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பூனை நடந்தால் வயலின்களை வில் இல்லாமல் விரலால் சுண்டவேண்டும். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டால் டிரம்பெட் வாயைப் பொத்திக்கொண்டு சிணுங்கவேண்டும். யாராவது வழுக்கினால் டூபா, அந்தப் பெரிய பித்தளைக் குழல், படிப்படியாகக் கீழ்ச்சுருதிக்கு இறங்கும், பிறகு ஒரு தாளம் யாரும் மூச்சுவிடக்கூடாது, அதன் பிறகு பெரிய டிரம். அந்த மௌனத்துக்கு நாங்கள் இருவரும் வைத்த பெயர் பள்ளம். பார்க்கிறவர்கள் சிரிப்பதற்காக மூச்சை இழுக்கும் இடம் அது. பள்ளம் கொஞ்சம் குறைந்தால் சிரிப்பு வராது, கூடினால் பரிதாபம் வந்துவிடும். அதை அளந்து வெட்டுவதில்தான் என் காலம் போயிற்று.

எனக்குச் சிரிப்பு வராது. வாத்தியக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைச் "சிடுமூஞ்சி அக்கா" என்பது தெரியும். நான் கோபித்துக்கொண்டதில்லை. ஊரைச் சிரிக்கவைக்கும் கணக்கைப் போடுகிறவள் நடுவில் தானும் சிரித்தால் கணக்கு தப்பிவிடும்.

அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். போன படத்துக்கு எழுதிக்கொண்டிருந்தபோது நடந்தது. முன்னறையில் தம்பி கீபோர்டில் டூபாவை வாசித்துக் காட்டினான், நான் பென்சிலோடு எதிரில். டூபா இறங்கியது. பள்ளம். டிரம் விழவேண்டிய அதே நொடியில் குளியலறையிலிருந்து தொம் என்று ஒரு சத்தம்.

"அக்கா, உள்ள யாரோ டிரம்ம கரெக்டா போடுறாங்க பாரு," என்றான்.

அவன்தான் சிரித்தான். அந்த இடத்தை மறுபடி வாசித்தான். உள்ளிருந்து இரண்டாவது முறை சத்தம் வரவில்லை. அதற்கும் சிரித்தான். "டிரம்முக்காரர் டீ குடிக்கப் போயிட்டாரு போல." நாங்கள் அந்தப் பகுதியை எழுதி முடித்தோம். கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்து என் செருப்பை நனைத்த பிறகுதான் எழுந்து போனேன். இன்னும் கொஞ்சம் முன்னால் கூட்டிவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்று தம்பி எனக்கு ஆறுதல் சொன்னான்.

அதோடு போயிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். ஆனால் தம்பிக்குக் கதை சொல்லாமல் இருக்கமுடியாது. இந்தப் படத்தின் இயக்குநரிடம் அப்பா விழுந்ததைச் சொல்லியிருக்கிறான். யார், என்ன ஆனார் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, வெளியே வாசிப்பதும் உள்ளே விழுவதும் ஒன்றாகச் சேர்ந்த வேடிக்கையை மட்டும். இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. மருமகன் முன்னறையில் டூபா பழகுவான், குளியலறையில் மாமனார் வழுக்குவார். அந்தக் காட்சியின் படச்சுருளை எனக்குப் போட்டுக் காட்டியபோது, சுவரில் எங்கள் வீட்டு வாளியின் நிறத்திலேயே ஒரு வாளி தொங்கியது.

நான் கேட்டது சின்ன விஷயம். விழுந்த பிறகு அந்த மாமனார் நனைந்த தரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அங்கே செல்லோக்கள், அந்தக் கனத்த குரல் பெரிய வயலின்கள், மட்டும் எட்டு வரி வாசிக்கட்டும் என்றேன். எழுதியும் வைத்திருந்தேன். நான் எழுதியதில் அதுதான் நல்லது. தம்பி அந்தத் தாளை எடுத்து, காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தான். அப்புறம்தான் நீங்கள் முதலில் கேட்ட சண்டை. அதன் கடைசி வரி இது:

"அப்பாவுக்காக உருகாதக்கா. அன்னிக்கு நீயும்தானே சிரிச்ச."

இது பொய். எவ்வளவு கூசாமல் சொன்னான் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். கோப்பையைக் கழுவி வைத்தேன். தாளில் வட்டமாகக் கறை பிடித்திருந்தது. தம்பி சொன்னபடி டூபாவை எழுதினேன்.

அவன் குள்ளம். கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று தன் மேடையை இடுப்பளவு உயரத்துக்குச் செய்யச் சொல்லியிருந்தான். பின்பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு திருகாணி. நான் எழுதிக்கொடுப்பதை அவன் முன்கூட்டிப் படிக்கமாட்டான், ஒலிப்பதிவன்றுதான் பக்கம் புரட்டுவான். அவ்வளவு நம்பிக்கை என்மேல். வழக்கத்தைவிட நீண்ட பள்ளம் வந்தால் இரண்டு கைகளையும் விரித்து, கண்ணை மூடி, அந்தக் கம்பியில் சாய்ந்துகொள்வான். சிரிப்பு வரும் திசையைக் காதால் தேடுகிறவன் மாதிரி. வாத்தியக்காரர்களுக்கு அது வேடிக்கை. அவர்களுக்காகவே கொஞ்சம் கூட்டிச் செய்வான்.

மாமனார் வழுக்குவதை மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள், அதனால் பள்ளத்தை நான் நீட்டியது யாருக்கும் உறுத்தவில்லை. திருகாணிகளை நான் காலையில் கழற்றினேன். எல்லாரும் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. இரண்டும் என் பென்சில் டப்பாவில் ரப்பருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளலாம்.

நான் வழக்கம்போலச் செல்லோ வரிசையின் ஓரத்தில், என் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் எல்லாரும் ஆண்கள், என்னைத் தவிர. டூபா இறங்கியது. டூபாக்காரர் நன்றாக வாசித்தார். பள்ளம் வந்தது. தம்பி கைகளை விரித்தான், கண்ணை மூடினான், சாய்ந்தான். கம்பி அவனோடு போயிற்று. அவன் தலை மைக் தூணின் இரும்புப் பாதத்தில் பட்டது. பெரிய டிரம்காரர் தாளை மட்டுமே பார்க்கிற மனிதர், தன் இடத்தில் சரியாக அடித்தார்.

கூடமே சிரித்தது. அவன் கோமாளித்தனம் செய்கிறான் என்று நினைத்தார்கள். ஒரு வயலின்காரி கை தட்டினாள். "எழுந்திரிங்க சார், ஒரு தடவை போதும்," என்று யாரோ கத்தினார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நடுவில் நிறுத்தினால் கெட்டுவிடும். சிரிப்பு தானாக அடங்கி, அவன் எழுந்திருக்கவில்லை என்பது வரிசை வரிசையாகப் புரிந்து, கூடம் அமைதியானது. அப்படி ஒரு மௌனத்தை நான் எழுதியதே இல்லை. அங்கேதான் என் செல்லோக்கள் வந்திருக்கவேண்டும்.

ஆக, செய்தது நான்தான். காரணமும் சொல்லிவிட்டேன். அப்பா விழுந்ததற்குச் சிரித்தான், அதை விற்றான், கடைசியில் என்மேலும் பூசப் பார்த்தான். சிரிக்காத ஒருத்தியைச் சிரித்தாய் என்று சொல்வதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? அன்றைக்கும் நான் சிரிக்கவில்லை, இன்றைக்கும் சிரிக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எதற்கு அந்த ஒலிப்பதிவை மறுபடி போடுகிறீர்கள்? அது எனக்கு மனப்பாடம். டூபா. பள்ளம்.

"இந்த இடம்தாம்மா. அவர் இன்னும் கீழ விழவே இல்ல, டிரம் அடிக்கல, வேற யாரும் சிரிக்கல. செல்லோ பக்கத்து மைக்ல ஒரு பொம்பள குரல் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்குதே, அது யாரு?"