அண்ணனிடம் ஒரு வார்த்தை

எவ்வளவு பழைய கார்புரேட்டராக இருந்தாலும், ஒரு மணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். உங்கள் மேசைமேல் இருப்பதை அப்படித்தான் சுத்தம் செய்தேன், இன்ஸ்பெக்டர் சார். துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். உங்கள் ஆள் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். பரவாயில்லை, ஈரம் படாது.

உங்கள் சட்டையில் ஹேமநாதன் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மலாய் மொழியில் சொல்லியிருந்தால் மச்சான் என்ற சொல்லே வந்திருக்காது. பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

என் பெயர் விஜயன். வயது ஐம்பத்து நான்கு. பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை, இருபத்தெட்டு வருடமாக. மலர் என் மனைவி. ராஜசேகரன் அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான். கெட்ட மனிதர் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சிங்கப்பூரில் நல்ல வேலை. தீபாவளிக்குத் தீபாவளி பாலம் தாண்டி வந்து எங்கள் வீட்டில் பெட்டி பெட்டியாகப் பழம் இறக்குவார்.

மலருக்கு ஒரு பழக்கம். நான் எதைச் சொன்னாலும், "எதுக்கும் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்பாள். வீடு வாங்கினோம், கேட்டோம். சுவருக்கு என்ன பெயின்ட் என்று கேட்டோம். மகளுக்குக் கயல்விழி என்று பெயர் வைக்க ஆசைப்பட்டேன். அண்ணனைக் கேட்டபின் அவள் லோஷினி ஆனாள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் படிக்கிறாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒரு முறை எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். பச்சை உடுப்பு மாட்டித் தள்ளுவண்டியில் படுத்துவிட்டேன். மலர் வெளியே போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஜொகூர் பாருவில் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்றார் அவர். வலியோடு மேலும் நான்கு நாள் கிடந்தேன்.

இயந்திரம் மட்டும் எனக்கென்று இருந்தது, சார். கார் நின்றாலும் மிக்ஸி சுற்றாவிட்டாலும் அண்ணனை யாரும் கேட்க மாட்டார்கள். "அவர்கிட்ட குடுங்க, பாத்துக்குவாரு" என்று மலரே சொல்வாள். அந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு பெருமை இருக்கும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மச்சான் ஒரு போட் வாங்கினார். சிங்கப்பூர் முதலாளி ஒருவர் ஓட்டிச் சலித்த உல்லாசப் படகு. கொங் கொங் படகுத்துறையில் கட்டிவைத்து, விடுமுறை நாளில் மீன் பிடிக்கப் போவார். பெட்ரோல் இஞ்சின். அது படகின் வயிற்றில், மூடி போட்ட ஒரு பெட்டிக்குள் இருக்கும். பராமரிப்பு நான்தான்.

கிளம்புமுன் மச்சான் பூஜை போடுவார். அதில் தப்பில்லை; நானும் காருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறவன்தான். ஆனால் அவர் பெட்டியைத் திறந்து, இஞ்சின் மேலேயே வெற்றிலை வைத்துச் சூடம் கொளுத்துவார்.

"மச்சான், சூடத்த முன்னால, போட்டோட மூக்குப் பக்கம் காட்டுங்க. பெட்டிக்குள்ள பெட்ரோல் ஆவி தங்கும்" என்றேன்.

"இஞ்சினுக்குக் காட்டாம வேற யாருக்கு மாப்பிள்ள காட்டுறது? ரெண்டு வருசமா ஒண்ணும் ஆகல லா" என்று சிரித்தார்.

அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் நின்ற மலர், "நீங்க சும்மா இருங்க. இஞ்சினப் பத்தி அண்ணனுக்குத் தெரியாதா?" என்றாள்.

இஞ்சினைப் பற்றி. என்னிடம். படகுத்துறைக்காரச் சீனக் கிழவருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்து அவரும் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் போட் திக்கித் திக்கி ஓடுகிறது என்று மச்சான் கூப்பிட்டார். போய்க் கழற்றிப் பார்த்தேன். கார்புரேட்டரின் சின்னத் துளையில் தூசி. வாயால் ஊதினால் போய்விடும். ஊதினேன், போய்விட்டது. பிறகு, "இது பழசு மச்சான், மாத்தணும்" என்றேன். "மாத்திருங்க மாப்பிள்ள" என்றார்.

இதில் நுணுக்கம் ஒன்றுதான். படகுக்கென்று செய்த கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்தால் அது இஞ்சினுக்குள்ளேயே போய்விடும். கார் கார்புரேட்டரில் வெளியே சொட்டும். காரில் காற்று வந்து அடித்துக்கொண்டு போகும். மூடிய படகில் ஆவி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. மாசாயில் ஒரு பழைய கார் சாமான் கடையில் மூன்று இருந்தன. சொட்டுகிறதை வாங்கி மாட்டினேன். படகிலிருந்து கழற்றியதுதான் உங்கள் மேசைமேல் இருப்பது.

ஆவியை வெளியேற்றும் சின்ன விசிறி ஒன்று அந்தப் பெட்டியில் உண்டு. அதன் ஃபியூஸ் என் வேலைச் சட்டைப் பையில் கிடைத்ததாகச் சொன்னீர்கள். மறதியாக வைத்திருக்கலாம் என்று நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். எனக்கு அப்படி மறதி கிடையாது.

"புது சாமான் மச்சான். வெள்ளிக்கிழம நல்லா பூஜ போட்டு எடுங்க" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "இப்பதான் நீங்க நம்ம மாப்பிள்ள" என்று தோளில் தட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். இடுப்பு வலி என்று நான் வீட்டிலேயே நின்றுகொண்டேன். மலர் அடுப்படியில் நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயும் போகாத" என்றேன்.

"ஏன்?"

"சும்மாதான். ஒரு நாளாவது நான் சொன்னா கேளு."

"அண்ணன் வரச் சொல்லிட்டாரு. வேணும்னா நீங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, நான் நின்னுக்கிறேன்" என்றாள்.

நான் கேட்கவில்லை. அவள் பொட்டலங்களைத் தூக்குவாளியில் அடுக்கிக்கொண்டு போனாள். நான் துணிகளை வாஷிங் மெஷினில் போட்டேன். போட் வெடித்த சத்தம் மாசாய் வரைக்கும் கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை; மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு உடலையும் அடையாளம் காட்டியது நான்தான். மலரை வளையலை வைத்துச் சொன்னேன்.

அவளை நான் கொன்றேன் என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை என்றுதான் இவ்வளவு நேரம் வாதாடினேன். போகாதே என்று சொன்னேனா இல்லையா? ஆனால் நீங்கள் அந்தப் போனையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அவள் எனக்குப் போட்ட போன். நாற்பது விநாடி என்று பதிவில் இருக்கிறது. சரி, சொல்லிவிடுகிறேன்.

"என்னங்க, பெட்டியத் தொறந்ததும் பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்குது" என்றாள். "அண்ணன் சூடத்தக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாரு. கொளுத்தலாமான்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாரு."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

"அண்ணன்தாங்க கேக்கச் சொன்னாரு. இஞ்சின் விசயம், மாப்பிள்ள சொல்லட்டும்ங்கிறாரு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், சார். சந்தோஷத்தில்தான்.

"புது சாமான் அப்படித்தான் வாடை அடிக்கும். கொளுத்தச் சொல்லு" என்றேன்.

"சரிங்க" என்றாள். மறுபேச்சு இல்லை. இருபத்தாறு வருடத்தில் நான் சொன்னதை அவர்கள் இரண்டு பேரும் அப்படியே கேட்டது அன்றைக்குத்தான்.