அடுக்குத் தட்டுகள்

ஐயா, பங்குனி பிறந்துவிட்டால் வேலூர் மின்சாரத்தை நம்ப முடியாது. மின்னழுத்தம் தாழ்ந்தால் உங்கள் ஸ்டேஷனில் விசிறி மெல்லச் சுற்றும், அவ்வளவுதான். எனக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் கலங்கிவிடும். ஆஸ்பத்திரியில் அந்தக் கருவிக்கும், பக்கத்து மேசையில் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் நான்தான் பொறுப்பு.

பஞ்சாட்சரம் ஆம்பூர் தோல் கம்பெனியில் வேலை செய்தவர். பித்தக்குழாயில் கல், கண்ணெல்லாம் மஞ்சள். நம் இரத்தத்தில் கொழுப்பு புரதத்தோடு சேர்ந்து சின்னச் சின்ன உருண்டைகளாக ஓடுகிறது. அவருடையதில் அது வட்டத் தட்டுகளாக, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. அத்தனை ஒழுங்கை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. கல்லை எடுத்துவிட்டால் அந்தத் தட்டுகள் மறைந்துவிடும்.

அவர் மனைவி ஜெயம்மாள் என் அறை வாசலிலேயே நிற்பாள். பாவமாக இருந்தது. ஒருநாள் உள்ளே கூப்பிட்டு நுண்ணோக்கியின் பச்சைத் திரையைக் காட்டினேன்.

"இன்னாம்மா இது, தோசை சுட்டு அடுக்குனாப்ல இருக்குது? இதெல்லாம் போய்ட்டா அவரு பொழச்சிக்குவாரா?"

"பொழச்சிக்குவாரு" என்றேன். ஆனால் 'போய்ட்டா' என்று அவள் சொன்னதும் அவசரமாகத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். தெளிவான படம் ஒன்றுகூட நான் இன்னும் எடுத்திருக்கவில்லை.

அறுவை செய்யவேண்டிய டாக்டர் ஜெயகரன் தொலைபேசியில் கேட்டார். "மேடம், ரத்தம் உறையுதா? நாளைக்குப் பண்ணிடலாமா?"

"இல்ல சார். இப்போ கத்தி வச்சா ரத்தம் நிக்காது."

நல்ல மனிதர், காத்திருந்தார். இரத்தம் உறைய ஊசி போட்டுவிட்டு மறுபடி கேட்டார். ஒவ்வொரு முறையும் மின்சாரம் படத்தைக் கலக்கி என்னை ஏமாற்றியிருந்தது. நானும் அதே பதிலைச் சொன்னேன். பஞ்சாட்சரத்துக்குக் குளிர்காய்ச்சல் கண்டது, பித்தத்தில் சீழ் பிடித்தது. இரத்தம் எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்குது டாக்டரம்மா. சீக்கிரம் ஆப்ரேஷன் பண்ணச் சொல்லுங்க."

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை.

நேற்று இறந்துபோனார். டாக்டர் ஜெயகரனை விட்டுவிடுங்கள், அவருக்கு எதுவும் தெரியாது. பஞ்சாட்சரத்தின் இரத்தம் முதல் நாளிலிருந்தே உங்களுடையதைப் போல, என்னுடையதைப் போல, நன்றாகத்தான் உறைந்துகொண்டிருந்தது. ஆனாலும் நான் அவரை ஒன்றும் செய்துவிடவில்லை, ஐயா. காத்திருக்கத்தான் சொன்னேன்.

என் அறைக்குச் சீல் வைப்பீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ப்பெட்டியை மட்டும் அணைத்துவிடச் சொல்லாதீர்கள். அவரிடம் கடைசியாக எடுத்த இரத்தம் அதில் இருக்கிறது. தட்டுகள் கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.