தறிக்குழியிலேயே சாப்பாடு

செவிலிமேடு பஸ்ஸில் என் முன் சீட்டில் நெசவாளிகள் இருவர். ஒருவர் சொன்னார்:

"சோறு துன்றப்ப தறிக்குழியிலேர்ந்து காலை எடுன்னாரு டாக்டர். வேற மருந்தே எழுதல."

"வயித்து வலிக்கா?"

"ஆமாம்பா. புத்துநோயின்னு பயந்துகினு இருந்தேன். குழியிலேயே சாப்பாடு, வாயில சோறு, கண்ணு பூரா ஜரிகை மேல. இப்ப மேல ஏறி ஒக்காந்து, தட்டைப் பாத்து மென்னு சாப்புடறேன். ஒரு மாசமா வலியே இல்ல."

"ஊட்ல சந்தோசமா?"

"அவளும் தட்டைப் போட்டுகினு எதிர்ல குந்திடறா. முன்னெல்லாம் நான் துன்னு முடிக்கட்டும்னு மூணு மணி வரைக்கும் பட்டினி கிடப்பா. இப்ப அவளுக்கும் வலி இல்லயாம்."

"அவங்களுக்கும் இருந்திச்சா?"

"பத்து வருசமாம். எனக்கு முந்தாநேத்துதான் தெரியும்."