மூக்குத் தேயாத ராணி

சமயபுரத்தில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, திருச்சியில், பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்துக் கரி பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவள் மடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது.

“அம்மனுக்கு எதுக்குடி ராணி தலை போட்ட வெள்ளி ரூபா? இந்தப் புது ஓட்டைக் காலணாவைப் போட்டுடலாம்” என்றார் அவர்.

“ராஜா மொகமே இல்லை, நடுவுல ஓட்டை, இதெல்லாம் ஒரு காசான்னு நீங்கதானே திட்டினீங்க?”

“சேத்து வைக்கத்தான் அது லாயக்கில்லை. உண்டியலுக்கு என்ன?”

“உங்க காய்ச்சல் எறங்கணும்னு வேண்டி முடிஞ்ச காசுங்க. முடிஞ்சதையேதான் போடணும். மாத்தினா குத்தம்.”

“பெட்டி நிறைய காசு கெடக்கு. மூக்குத் தேயாத ராணி ரூபாதான் உன் கைக்குக் கெடைச்சுதா?”

“அதுமாதிரி அழகு வராதுன்னு தெருவெல்லாம் காட்டினீங்களே. வைத்தியர் கையை விரிச்சப்புறம், மட்டமானதையா எடுத்து முடிவேன்?”

கொள்ளிடம் தாண்டியதும் அவர் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அடுத்த தடவை என் பெட்டியைத் தொடாதே. கடையில சில்லறை வாங்கி முடிஞ்சுக்கோ.”

“சரிங்க. நீங்களும் அதுக்குத் தகுந்த சின்னக் காய்ச்சலா வரவழைச்சுக்குங்க.”