குதிரைக்கு மூச்சு முட்டாதா?

தலைமையேற்று வீற்றிருக்கும் திருவிழாக் குழுத் தலைவர் சுப்புராயன் மாமா அவர்களே, ஆண்டுதோறும் அம்மனைச் சுமந்து தோள் காய்த்துப்போன அண்ணன்மார்களே, பொங்கல் பானையை இறக்கிவைத்த கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குதிரையைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றவள் என்பதால் நான் பேசியாக வேண்டும். "குதிரை எங்கே?" என்று கேட்கிறீர்கள். இன்று அம்மன் ஏறவேண்டிய மரக்குதிரை, மண்டபத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் நிற்கிறது.

ஏன்? அதன் வயிற்றிலிருந்து மாவு மாவாக மரத்தூள் கொட்டியது. உள்ளே வண்டின் புழுக்கள். முன்பு மண்ணெண்ணெய் ஊற்றினோமே, புழு செத்ததா? சேணத்தின் சிவப்பல்லவா கரைந்தது! வெயிலில் வைத்தோமே, வண்டு ஓடியதா? வண்ணமல்லவா வெடித்தது!

அதனால்தான் அருங்காட்சியகத்தில் வழி கேட்டு வந்து, காற்றுப் புகாத உறையால் மூடினோம். சிதம்பரத்திலிருந்து சிலிண்டரில் நைட்ரஜன் கொண்டுவந்து, மரம் வறண்டு வெடிக்காதிருக்கத் தண்ணீர் வழியாகச் செலுத்தி ஈரமாக்கி நிரப்பினோம். வாயு கசிந்தால் நமக்கு ஆபத்து வராதிருக்க மண்டபக் கதவுகளைத் திறந்தே வைத்தோம். விஷமில்லை, நெருப்பில்லை, மூச்சின்றிப் புழுவும் சாகும், முட்டையும் சாகும். சில வாரங்கள் உறை பிரியாதிருந்தால் போதும். திருவிழாவுக்குள் முடிந்திருக்கும்.

ஆனால் போன வாரம், மண்டபம் பெருக்கப் போன இருசம்மாள் அத்தை பிளேடால் உறையைக் கீறிவிட்டார்.

"ஏன் அத்த இப்பிடிப் பண்ணீங்க?"

"வாயில்லா ஜீவன் பாப்பா. இப்பிடி மூடிக் கட்டுனா குதிரைக்கு மூச்சு முட்டாதா? மூக்குக்கு நேரா கொஞ்சூண்டுதான் கிழிச்சேன்."

சிரிக்காதீர்கள். சிரித்த நம்மில் யாராவது அந்தக் குதிரையின் மூக்கை நினைத்தோமா? ஆனால் அந்தக் கீறலில் மூச்சு கிடைத்தது குதிரைக்கு அல்ல, புழுவுக்கு. ஒட்டி, நிரப்பி, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

என்ன கண்ணாயிரம் அண்ணே? 'இன்னிக்கு மட்டும் அவுத்துட்டு நாளைக்குக் கட்டிக்கலாமே' என்கிறீர்களா? பிழைத்த புழு அடுத்த ஆண்டுக்குள் குதிரையின் காலைத் தின்றுவிடும். நடுவீதியில் அம்மன் சாய்ந்தால் யார் தாங்குவது?

குதிரையில்லாமல் அம்மன் எப்படிப் போவாள் என்கிறீர்கள். அண்ணன்மார்களே, அந்தக் குதிரை என்றைக்காவது தானாக ஓர் அடி எடுத்து வைத்ததுண்டா? கிழக்கு வீதி திரும்பியது யார் கால்? வாய்க்கால் மேட்டில் வாங்கியது யார் மூச்சு? ஆடி மழைச் சேற்றில் புதைந்தது யார் பாதம்? உங்களுடையது! குதிரைதான் இல்லை, அதன் கால்கள் எல்லாம் இங்கேதான் அமர்ந்திருக்கின்றன!

அதோ, அம்மனைத் தோளிலேயே சுமக்கக் கண்ணாயிரம் அண்ணன் துண்டை மடித்துத் தோளில் போடுகிறார்!

அத்தை, நீங்கள் முன்னால் விளக்குப் பிடியுங்கள். மண்டபத்தைக் கடக்கும்போது மட்டும் எல்லோரும் சற்று நில்லுங்கள். உறைக்குள்ளிருந்து குதிரையும் அம்மனைப் பார்க்கட்டும்.

என் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. தோள் கொடுக்க எழுந்தவர்களுக்கு என் வணக்கம்.