புயல் கப்பல்களைப் படித்த பேராசிரியர் சென்னகிருஷ்ணன்

தலைமை தாங்கும் பெரியவர் உமர் பாரூக் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே, பேராசிரியரின் துணைவியார் வெங்கடலட்சுமி அம்மையாரே, போத்தனூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பவானியிலிருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

நம் கப்பல் மாதிரிக் கழகத்தின் தலைவர், இயந்திரவியல் பேராசிரியர் சென்னகிருஷ்ணன் இன்று நம்மோடு இல்லை. கடலே இல்லாத கோயம்புத்தூரில் கப்பலுக்கு ஒரு கழகமா என்று சிரித்தவர்கள் எத்தனை பேர்! அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே பிரான்ஸ் நாடு பன்னிரண்டு நாசகாரிக் கப்பல்களை ஒரே வகையில் கட்டியது. எல்லாவற்றுக்கும் காற்றின் பெயர், புயலின் பெயர். அந்தக் கப்பல்களின் மாதிரிகளைச் செய்து நம் குளங்களில் மிதக்கவிட்டவர் அவர்.

அவற்றுள் ஒன்று பூராஸ்க். இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான போர்வீரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல். வழியில் வெடிபட்டு, கரை சேராமல் மூழ்கியது. அந்த வகைக் கப்பல்களுக்கே மேல்பாரம் அதிகம். அதன்மேல் அவ்வளவு கூட்டம்! அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கலங்கிவிடுவார். என்றோ, எங்கோ, யாரோ செத்ததற்கு இவர் ஏன் கலங்குகிறார் என்று நினைத்தோம். விடை எங்கே கிடைத்தது? பவானியில் கிடைத்தது!

காவிரியில் வெள்ளம் வந்த ஆண்டு. குளத்தில் கவிழும் மாதிரிகளை மீட்க நாம் வைத்திருந்த மோட்டார் படகை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அவரும் நானும் போனோம். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஊரே நின்றிருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க சார், எல்லாத்தையும் ஒரே தடவையா ஏத்திப்போடுங்க!" என்று கூச்சல்.

"எட்டுப் பேருக்கு மேல ஏத்த மாட்டேனுங்க. ஆரும் நிக்கக் கூடாது. கீழ உக்காந்துக்கோணும். மறுக்கா வாரோம்," என்றார் பேராசிரியர்.

திட்டினார்கள். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். அப்போது நஞ்சம்மாள் என்ற அம்மா கேட்டார்: "போனா திரும்பி வருவீங்கன்னு எப்பிடிங்க நம்பறது?"

பேராசிரியர் என்ன செய்தார்? படகிலிருந்து இறங்கி மாடியில் ஏறி நின்றுகொண்டார்!

"நீங்க படகை எடுங்க," என்றார் என்னிடம். அந்த அம்மாவிடம், "நானும் இங்கியேதான் இருக்கறேனுங்க அம்மணி. என்னைய உட்டுப்போட்டு அவரு போயிருவாருங்களா?" என்றார்.

கூச்சல் அடங்கியது. குழந்தைகளை முதலில் ஏற்றினார்கள். நடு வெள்ளத்தில் ஒரு மரக்கட்டை மோதிப் படகு சாய்ந்தது. என் உயிர் போய் வந்தது. எல்லாரும் கீழே உட்கார்ந்திருந்ததால் படகு நிமிர்ந்தது. உறவுகளே, ஒருவராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரும்பத் திரும்பப் போனேன். ஒருவரையும் விடாமல் அழைத்து வந்தோம். கடைசி நடையில்தான் பேராசிரியர் ஏறினார். நஞ்சம்மாள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அடுத்த வெள்ளம் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. அதற்குள் பவானியில் இன்னொரு படகு நிற்கும். அதை ஓட்டத் தெரிந்தவர்களும் நிற்பார்கள். இது கழகத்தின் உறுதி.

கூட்டம் தொடங்குமுன் பேராசிரியரின் மகள் ஹாரிகா என்னிடம் வந்தார். "அழுதுபோட்டு ஊட்டுக்குப் போயிற வேண்டாமுங்க மாமா. படகு ஓட்ட ஆளு வேணுமுங்க. மொத ஆளு நானு," என்றார்.

ஞாயிறு காலை பயிற்சி. ஹாரிகா முதல் ஆள். நான் இரண்டாவது. மூன்றாவது யார்? எழுந்து நில்லுங்கள்!